கிட்டமும் பொன்னும்

தமிழ் இலக்கியம் பேச ஏற்ற மொழி. அறிவியல் பேச ஏற்றதன்று என்று கூறுவோர் சிங்கப்பூரில் இன்றும் உளர். தமிழ் கற்பிப்போரும் அவர்களுள் அடங்குவர் என்பதே வருந்தத்தக்கது. 1982-இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. அது நாட்டின் கல்விக் கொள்கை. ஆனால் தமிழாசிரியர் தம் வகுப்பில் அறிவியலைத் தொடலாகாது என்று எந்தக் கொள்கையும் விதிக்கவில்லை. அத்தடையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டவர்கள் தமிழர்களே.

"சொற்கள் இல்லையே!" என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை எளிய பொருளால் சோதிப்பது நேர்மையன்று; கடினமான பொருள் ஒன்றாலேயே சோதிக்க வேண்டும். புவியின் நடுவே இரும்புக் கருவம் உருவானபோது, அதனைச் சூழ்ந்த பாறைக் கவசத்தின் வேதியியல் எவ்வாறு மாறிற்று? பல்கலைக்கழக மாணவரும் தயங்கும் வினா இது. இதற்குரிய விடை சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மின்னிக்கொண்டிருக்கிறது.

பொற்கொல்லர் பழைய நகையை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்குகிறார். நகையிலுள்ள செம்பின் ஒரு பகுதி காற்றின் உயிர்வளியோடு கூடி, உருகிய வெண்காரத்தில் கரைந்து மேலே மிதக்கிறது. உயிர்வளியோடு எளிதிற் கூடாத பொன் அடியில் தங்குகிறது. இரும்பு உருக்கும் உலையிலும் உலோகம் கீழே இறங்க, கசடு மேலே மிதக்கிறது. அக்கசட்டிற்குத் தமிழன் இட்ட பெயர் கிட்டம்.

ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியே அத்தகைய உலையாக இருந்தது. விண்கற்களும் சிறு கோள்களும் மோதிய வெப்பத்தால் அது பெரும்பகுதி உருகிற்று. உருகிய இரும்பு நடுவே இறங்கிக் கருவமாயிற்று. மேலே நின்ற கிட்டமே கவசம். இன்று 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே கிடக்கும் அக்கருவம், புவியின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கனமானவை எல்லாம் கீழே சென்றன என்று இதனைச் சுருக்கிச் சொல்வது பிழை. யுரேனியம் பொன்னுக்கு நிகரான அடர்த்தி உடையது. எனினும் அது கருவத்தை நாடாமல் பாறையிலேயே தங்கிற்று. புக்கிட் தீமாக் குன்றின் கருங்கல் போன்ற பாறைகளே அதன் உறைவிடம். இங்கே பிரித்தது எடையன்று, நாட்டம். 1920-களில் கோல்ட்ஷ்மிட் என்னும் அறிஞர் தனிமங்களை இரும்பை நாடுவன, பாறையை நாடுவன, கந்தகத்தை நாடுவன, வளியாய்த் திரிவன என வகுத்தார். பொன், பிளாட்டினம், நிக்கல் ஆகியன முதல் வகையின. அவை இரும்போடு இறங்கின. அதனால் ஆதி விண்கற்களில் ஆயிரம் டன்னுக்கு 150 கிராம் அளவில் உள்ள பொன், கவசத்தில் ஒன்றிரண்டு கிராமாகக் குறைந்தது.

வியப்பு இத்துடன் முடியவில்லை. பொன்னின் இரும்பு நாட்டத்தை நோக்கினால் அந்த ஒன்றிரண்டு கிராமும் மிகுதியே. மேலும், கவசத்திலுள்ள பொன்னும் பிளாட்டினக் குடும்பத்து உலோகங்களும் ஏறக்குறைய விண்கற்களில் உள்ள விகிதத்திலேயே அமைந்துள்ளன. ஆகவே, கருவம் பிரிந்து முடிந்த பின்னர் விழுந்த விண்கற்கள் அவற்றைக் கொணர்ந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. நிக்கலும் கோபால்ட்டும் வேறொரு சான்று தருகின்றன. குறைந்த அழுத்தத்தில் நிக்கல் கோபால்ட்டைவிட மிகுதியாக இரும்பை நாடும். பேரழுத்தத்தில் அவ்வேறுபாடு சுருங்கும். கவசத்தில் அவ்விரண்டின் விகிதம் பெரிதும் மாறாதிருப்பதால், பல நூறு கிலோமீட்டர் ஆழமுள்ள பாறைக் குழம்புக் கடலில் இப்பிரிவு நிகழ்ந்தது என அறிகின்றனர். எவ்வளவு விரைவில்? பாறையை நாடும் ஹாஃப்னியத்தின் ஒருவகை அணு, 90 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்து, இரும்பை நாடும் டங்ஸ்டனாக மாறுவது. அவ்வாறு பிறந்த டங்ஸ்டன் விண்கற்களில் இருப்பதைவிடக் கவசத்தில் சற்று மிகுந்திருப்பதால், அந்த ஹாஃப்னியம் தீர்ந்துபோகுமுன்பே கருவம் பிரிந்தது என்பது தெளிவு. சூரியக் குடும்பம் தோன்றிய முதல் 3 கோடி ஆண்டுகளுக்குள் அது பெரும்பாலும் நிகழ்ந்தது என 2002-இல் ஆய்வாளர் கணித்தனர்.

இதுகாறும் சொன்னவற்றுள் எவ்விடத்தில் தமிழ் தளர்ந்தது? மூசையும் வெண்காரமும் கிட்டமும் ஏற்கெனவே இருந்தன. நிக்கலையும் ஹாஃப்னியத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டதால் தமிழுக்குக் குறைவு வந்துவிடவில்லை. இலங்கையில் தமிழ் மாணவர்கள் இன்றும் உயர்தர வகுப்பு வேதியியலையும் இயற்பியலையும் தமிழில் பயின்று தேர்வு எழுதுகின்றனர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954-இல் தொடங்கி 1968-இல் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்திற்று. குறைபாடு மொழியிலன்று, முயற்சியில்.

எதிர்ப்புறத்தே நிற்பாரையும் கண்டிக்காமல் விடலாகாது. "இவையெல்லாம் முன்னோர் அன்றே அறிந்தவை" என்று மேடைதோறும் முழங்குவோர் அவர்கள். உலைக்கொல்லன் கிட்டத்தைக் கண்டான், பெயரிட்டான். புவியின் கருவத்தை அவன் கண்டானல்லன். நிலநடுக்க அலைகளைக் கொண்டு 1906-இல் ஓல்ட்ஹாம் அதற்குச் சான்று காட்டினார். முன்னோர் தந்தது சொல். பொருளைத் தேட வேண்டியவர் பின்னோர். சொல்லின் பெருமையைப் பொருளறிவாகக் காட்டி மாணவரை மயக்குவது, தமிழுக்கு ஆற்றல் இல்லை என்பதைப் போலவே தீங்கு பயப்பதாகும்.

தேக்காவில் பாட்டியுடன் நகைக்கடைக்குச் செல்லும் சிறுமி, "இந்தப் பொன் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறாள். அவளுக்கு விடை பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்குமாயின், அவ்விடை பாட்டியைச் சென்று சேர்வதில்லை. அறிவு செல்லும் வழி ஒன்று, அன்பு செல்லும் வழி வேறொன்று எனப் பிரிந்த வீட்டில் தமிழ் பண்டிகை மொழியாகச் சுருங்கும். திருநாள் வாழ்த்து எழுதவும் உணவின் பெயர் சொல்லவும் மட்டும் பயன்படும் மொழியை எந்தத் தலைமுறையும் நெடுநாள் சுமக்காது.

தமிழாசிரியர்களே, மாணவமணிகளே! கட்டுரைப் பாடத்தில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இடமுண்டு. புவியின் கருவத்திற்கும் இடம் தாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓர் அறிவியற் பொருளைத் தமிழில் விளக்கி எழுதுமாறு மாணவரைப் பணியுங்கள். சொல் தடைப்பட்டால் தேடுங்கள். கிடைக்காவிடில் கடன் கொள்ளுங்கள். உலையில் இடாத கல் பொன்னைத் தருவதில்லை.