மூளைக்குள் இரண்டு கட்சி இல்லை

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு எந்த குரூப் எடுப்பது என்ற பேச்சு வந்ததும், "இவன் இடது மூளைக்காரன், கணக்கு வரும், இவள் வலது மூளைக்காரி, படம் வரையத்தான் லாயக்கு" என்று படித்தவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வலது மூளையைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் வகுப்புகளுக்கும் இந்த நம்பிக்கைதான் மூலதனம். இது அறிவியல் அல்ல. ஓர் உண்மையைத் திரித்து, குழந்தைகள் தலையில் கட்டப்பட்ட சரக்கு.

அந்த உண்மை ரோஜர் ஸ்பெரியின் ஆய்விலிருந்து வந்தது. கடுமையான வலிப்புக்காக, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்பிழைக் கற்றை அறுக்கப்பட்டவர்களை அவர் 1960களில் ஆராய்ந்தார். கண்ணுக்கு மறைத்து இடது கையில் ஒரு பொருளைக் கொடுத்தால், அவர்களால் அதன் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆனால் பல பொருள்களுக்கு நடுவே தடவிப் பார்த்து அதையே எடுத்துவிட்டார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்ற இந்த ஆய்வை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது பாலம் அறுந்தவர்களின் கதை. நம் தலையில் அந்தப் பாலம் சுமார் 20 கோடி இழைகளோடு ஓயாமல் வேலை செய்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை அலசினார்கள். சில வேலைகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் சாய்ந்திருந்தன. மனிதர்களை இடது, வலது என்று பிரிக்கச் சான்று கிடைக்கவில்லை.

"பேச்சு இடப்பக்கம் என்று 1865லேயே மருத்துவர் புரோக்கா காட்டவில்லையா?" என்பார்கள். காட்டினார், பெரும்பாலோருக்கு அது சரியும்கூட. ஆனால் வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலருக்குச் சொல் வருகிறது, பேச்சின் ஏற்ற இறக்கமும் நகைச்சுவையும் பிடிபடுவதில்லை. கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு ஒப்பிக்க இடப்பக்க மொழிப் பகுதிகள் பெரிதும் உதவுகின்றன. எந்த எண் பெரியது என்று மதிப்பிட இருபக்கப் பரைட்டல் கதுப்புகளும் இயங்குகின்றன. மனித மூளைப் புறணியில் பார்க்க, கேட்க, தொட்டுணர, தசையை அசைக்க என்று நேரடியாக ஒதுக்கப்பட்ட இடம் குறைவு. பெரும்பகுதி தொடர்புப் பகுதிகள்தான்: வந்த சேதிகளை ஒன்றோடொன்று கோத்துப் பொருள் காண்பதும் திட்டமிடுவதும் அவற்றின் வேலை. தனி ஆவர்த்தனத்தில் ஒரு கோர்வையைத் தாளம் பிசகாமல் எடுப்பில் கொண்டுவந்து சேர்க்கும் மிருதங்கக்காரர் செய்வது கணக்கா, கலையா? அந்தக் கேள்வியே பொருந்தாது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர். நாவலும் நாடகமும் எழுதியவர். மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்' எழுதியவரும் அவரே. அவர் அபூர்வ மேதை, விதிவிலக்கு என்று தள்ளிவிடலாமா? உறையூர்த் தறியில் இழை எண்ணி, பாவும் ஊடையும் கணித்து, கரைக்கு நிறம் தேர்ந்த நெசவாளர்களை எந்த விதிவிலக்கில் சேர்ப்பது?

விளையாட்டுப் பேச்சுதானே, என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. கெடுதல் பெரிது. தனக்குக் கணக்கு மூளையே இல்லை என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை முயற்சியை விட்டுவிடும். மூளையோ பயிற்சியால் மாறக்கூடியது. ஆகவே பெற்றோரே, மதிப்பெண் குறைந்தால் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வலது மூளை வகுப்புக்குக் கட்டும் பணத்தில் அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.