மாம்பூவும் மார்கழிக் குளிரும்



உடுமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "மாமரம் பூக்கவே இல்லீங்க டீச்சர், வெறும் தழையா நிக்குது. ஏதாவது மருந்து அடிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

வேரில் ஊற்றும் மருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் அது செப்டம்பர் வாக்கிலேயே ஊற்ற வேண்டியது. மாசியில் கேட்டுப் பயனில்லை, கண்ணு.

மாமரத்துக்கு மார்கழி, தை மாத ராத்திரிக் குளிர் வேண்டும். குளிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் மரம் துளிர் விடுவதை நிறுத்தும். அப்புறம் அந்தக் கிளை நுனியில் பூங்கொத்து வரும். ராத்திரி கதகதப்பாகவே இருந்தாலோ, மழை தள்ளிப் போய்ப் பெய்தாலோ அதே நுனியில் இலைதான் வரும். சில மரம் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும். பூவைப் பார்த்துத்தான் குத்தகை பேசுகிறார்கள். பூ இல்லாத தோப்புக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்?

"எல்லாம் பருவநிலை மாற்றம்" என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 1901-லிருந்து பார்த்தால் 2024தான் மிக வெப்பமான ஆண்டு, 2025 பிப்ரவரிதான் மிக வெப்பமான பிப்ரவரி என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னது. அது நாடு முழுவதற்குமான சராசரி. நம் ஊரில் பகலில் சூடேறிய கான்கிரீட்டும் தார் ரோடும் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கின்றன. இதில் எது எவ்வளவு என்று சொல்ல நம்மிடம் கணக்கு வேண்டாமா?

ஜப்பானில் கியோட்டோ நகரத்தார் செர்ரி பூத்த நாளை ஆயிரத்து இருநூறு வருடமாகக் குறித்திருக்கிறார்கள். அதனால்தான் 2021 மார்ச் 26-இல் பூத்து நிறைந்தபோது, இத்தனை சீக்கிரம் முன்பு பூத்ததில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நமக்கோ போன வருடம் வேம்பு எப்போது பூத்தது என்றே நினைவில்லை. சித்திரைப் பச்சடிக்குக் காய்ந்த பூவை வாங்கிக்கொள்கிறோம்.

மரம் நடுவதில் நம் ஊர் சளைத்ததல்ல. 'வனத்துக்குள் திருப்பூர்' 2015-லிருந்து நட்டுக்கொண்டே இருக்கிறது. நட்டவை பூக்கும் தேதியையும் யாராவது எழுத வேண்டும். 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே வாராவாரம் ஒரு மரத்தைப் பார்த்துக் குறிக்கிறார்கள். பனியன் கம்பெனி நடத்தும் உங்களுக்கு கேட் பக்கத்து வேம்பையோ கொன்றையையோ பார்க்க ஒரு நிமிடம் கிடைக்காதா? முதல் பூ, முதல் பிஞ்சு, தேதி. ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

எங்கள் தெரு வேம்பிலிருந்து நான் தொடங்கிவிட்டேன். உங்கள் மரம் எது, எந்தத் தெரு என்று எழுதுங்கள்.