பேக்கப் இருக்கு சரி... ரீஸ்டோர் ஆகுமா?

எந்த ஆபீஸில் வேண்டுமானாலும் போய் "பேக்கப் எடுக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "டெய்லி எடுக்கிறோம் சார், டேப்புல எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிடறோம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் வரும். அடுத்து, "கடைசியா எப்போ அதுலேருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்தீங்க?" என்று கேளுங்கள். ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் பதிலுக்கு எந்த மதிப்பும் கிடையாது. திரும்ப எடுப்பதற்காகத்தானே பேக்கப்? ஆனால் நடைமுறையில் அது ஒரு நித்திய பூஜையாகிவிட்டது. ராத்திரி கிரான் எழுந்து டேப்பில் எழுதும். காலையில் "சக்சஸ்" என்று மெயில் வரும். அட்மின் அதைப் பிரிக்காமலே டிலீட் செய்வார். ஆடிட்டர் வந்தால் காட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கும், அதில் 365 நாளும் பச்சை டிக். ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான். கறி வைக்கும் நாள் வரும்வரை யாருக்கும் தெரியாது.

சின்ன ஆபீஸ்களின் ஏழ்மைக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் தவறான இடத்தில் 'ஆர்எம்' கட்டளையை ஓடவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது கொஞ்ச நாளாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர். கைக்குழந்தை இருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார், அதற்காக ஒரு பிரதி அங்கே இருந்தது. அந்தப் பொட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து எடுத்து வந்தார்கள். (இதில் ஒரு கூத்து: அப்படி மீட்ட படத்தின் பெரும்பகுதியைப் பிறகு கதை சரியில்லை என்று அவர்களே தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக எடுத்து 1999-ல் வெளியிட்டார்கள். அது வேறு சோகம்.)

அது அந்தக் காலம் என்பவர்களுக்கு 2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் ராத்திரி வேலையில் இருந்த ஒரு பொறியாளர், காலியான டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து நிஜ சர்வரில் டிலீட் கொடுத்தார். தப்பு புரிந்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அங்கே ஒன்றல்ல, ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட எதிர்பார்த்தபடி உதவவில்லை. தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால் டப்பா காலி. டேட்டாபேஸ் ஒரு வெர்ஷனில், பேக்கப் எடுக்கும் நிரல் அதைவிடப் பழைய வெர்ஷனில் இருந்ததால் தினமும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டிருந்தது! கடைசியில், வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் கை கொடுத்தது. ரீஸ்டோர் முடிய சுமார் 18 மணி நேரம். இவ்வளவையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். மற்ற கம்பெனிகள் இதே கதையை ஆபீஸ் சுவருக்குள் புதைத்துவிடும்.

இங்கே வழக்கமாக ஒரு புத்திசாலி குறுக்கே வருவார். "இப்பல்லாம் எல்லாம் கிளவுடுதானே, டேப்பையெல்லாம் யார் தொடறாங்க?" அவருக்காகவே 2011 பிப்ரவரியில் ஜிமெயில் ஒரு பாடம் நடத்தியது. ஸ்டோரேஜ் மென்பொருளில் புகுந்த ஒரு பிழையால் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டிகள் காலியாகின. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல டேட்டா சென்டர்களில் பிரதி எடுத்து வைத்திருந்தது. பிழை அந்தப் பிரதிகளையும் சேர்த்தே அழித்தது. ஒரு இடத்தில் அழித்ததை எல்லா இடத்திலும் விசுவாசமாக அழிப்பதுதானே பிரதிகளின் வேலை! திரும்பக் கொண்டு வந்தது டேப். கம்பி இணைப்பில்லாமல் அலமாரியில் கிடந்ததால் அந்தப் பிழையின் கை அதுவரை நீளவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கூகுள் மியூசிக்கில் ஏறக்குறைய 6 லட்சம் பாட்டுக் கோப்புகள் தவறாக அழிக்கப்பட்டபோதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டேப்புகளை வெளிக் கிடங்கிலிருந்து வரவழைத்துத்தான் ரீஸ்டோர் செய்தார்கள். டேப்பில் ஏறியிருந்தவை மீண்டன. பேக்கப் ஆவதற்கு முன்பே அழிந்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

கூகுளிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லலாம். பணத்தால் டேப்பை வாங்கலாம். ஆயிரக்கணக்கான டேப்புகளைப் படித்து மீட்கும் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது. பேரிடர் ஒத்திகை என்று வருஷா வருஷம் செய்து பார்க்கிறவர்கள் அவர்கள்.

சரி, அந்தப் பழக்கம் எதில் வேண்டும்? கறுப்புத் திரையில், கமாண்ட் லைனில்.

'டார்' என்ற கட்டளையையே எடுத்துக்கொள்ளலாம். சோர்ஸ் கோடு டவுன்லோட் செய்து பிரிப்பதற்காக அதைத் தினமும் தட்டும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அதன் பெயரிலேயே டேப் ஒளிந்திருப்பது தெரியும்? 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம் அது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியானது. அதில் 'சி' என்று போட்டால் எழுதும், 'எக்ஸ்' என்று போட்டால் பிரிக்கும். டிஸ்கில் இருக்கும் ஃபைல் என்றால் இந்த ஓர் எழுத்துக் குழப்பத்தால் ஒரு ஃபைல் போகும். டேப்பில் அப்படியில்லை. ஆரம்பத்தில் நாலே நாலு கேபி எழுதினாலும், டேட்டா இத்தோடு முடிந்தது என்று டிரைவ் அங்கே முத்திரை குத்திவிடும். அதற்குப் பின்னால் எத்தனை நூறு ஜிபி பத்திரமாகக் கிடந்தாலும் டிரைவ் அதைத் தாண்டிப் படிக்காது. பதற்றத்தில் ரீஸ்டோர் செய்ய வந்தவர் 'எக்ஸ்'-க்குப் பதில் 'சி' தட்டினால், மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கையும் அவர் கையாலேயே காலி.

இதற்கான மருந்து கேசட் காலத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிவு செய்த பாட்டு கேசட்டின் மேல் யாரும் அழித்துப் பேசிவிடக்கூடாது என்று மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக்கை உடைத்துவிடுவார்கள். எல்டிஓ டேப்பிலும் அதே காரியத்துக்கு ஒரு சின்ன நகர்த்தி உண்டு. உடைக்கக்கூட வேண்டாம், நகத்தால் தள்ளினால் போதும். ரீஸ்டோருக்கு டேப்பைச் சொருகும் முன் அதைத் தள்ள வேண்டும் என்பதை எத்தனை இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

லினக்ஸில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள். 'எஸ்டி0' என்று கூப்பிட்டால் வேலை முடிந்ததும் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். 'என்எஸ்டி0' என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பெயரைப் போட்டு ஒரே டேப்பில் திங்கள் பேக்கப்பையும் செவ்வாய் பேக்கப்பையும் எழுதினால், செவ்வாய் திங்களின் தலைமேல் ஏறி உட்காரும். இரண்டு நாளும் "சக்சஸ்" மெயில் வரும். பொய் இல்லை, இரண்டு நாளும் எழுதுவது வெற்றிகரமாகவே நடந்தது! ஒருமுறை, ஒரே ஒருமுறை, திங்கள்கிழமை ஃபைலைத் திரும்ப எடுக்க முயன்றிருந்தால் இது பத்து நிமிஷத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது இன்கிரிமென்டல். குனு டார் இன்கிரிமென்டல் முறையில் எடுத்த பேக்கப்பை அதே முறையில் பிரிக்கும்போது, அந்த டைரக்டரி அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப் பார்க்கும். அதாவது அன்று இல்லாத ஃபைல்களை அழித்துவிடும். தொலைந்த ஒரு ஃபைலுக்காக நடப்பு டைரக்டரியின் மேலேயே ரீஸ்டோர் செய்தால், அதற்குப் பிறகு சேர்ந்த அத்தனையும் போயே போச்சு. மேனுவலில் தெளிவாக எழுதியிருக்கிறது. காலி டைரக்டரியில் பிரித்து, வேண்டியதை மட்டும் காப்பி செய்வது என்ற ஒரு வழக்கம் கையில் படிந்திருந்தால் போதும். கையில் படிய, கையால் செய்திருக்க வேண்டும்.

"அதுக்குத்தான் அழகா மவுஸ்ல கிளிக் பண்ற சாஃப்ட்வேர் இருக்கே?" இருக்கிறது. அந்த சாஃப்ட்வேர் எந்த சர்வரில் இருக்கிறது? எரிந்துபோன அதே சர்வரில். எந்த டேப்பில் எந்த ஃபைல் என்ற அட்டவணை எங்கே? அதே இடத்தில். புது பொட்டி வாங்கி, லைசென்ஸ் சாவி தேடி, இன்ஸ்டால் செய்து, டேப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கவிட்டு அட்டவணையை மறுபடி உண்டாக்கி... அப்புறம்தான் முதல் கிளிக்.

இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அங்கே பிறந்த 'அமாண்டா' என்ற இலவச பேக்கப் மென்பொருள், டேப்பில் ஒவ்வொரு பேக்கப்புக்கும் முன்னால் 32 கேபி அளவில் ஒரு தலைப்பகுதியை எழுதுகிறது. அதில் யாரும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்தில், இது எந்த மெஷின், எந்த டைரக்டரி, எந்தத் தேதி என்பதோடு, இதைப் பிரிக்க என்ன கட்டளை தட்ட வேண்டும் என்பதும் இருக்கும். அமாண்டாவே இல்லாமல், எந்த யூனிக்ஸிலும் இருக்கும் 'டிடி', 'டார்' இரண்டையும் வைத்து மீட்டுவிடலாம். இன்னொரு பக்கம், பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டும் மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். கேட்டால் "சப்போர்ட் இருக்கு சார்".

அமாண்டாவின் அட்டவணை உயிரோடு இருந்தால் வேலை இன்னும் சுலபம். 'ஆம்ரெகவர்' என்று ஒரு கட்டளை. எந்த மெஷின், எந்த டிஸ்க், எந்தத் தேதி என்று சொன்னால் அன்றைய நிலையில் டைரக்டரி கண்முன் விரியும். உள்ளே போய், பார்த்து, வேண்டியதை 'ஆட்' என்று சேர்த்து 'எக்ஸ்ட்ராக்ட்' என்றால், இன்ன பெயருள்ள டேப்பைப் போடு என்று அதுவே கேட்கும். புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகூட ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். முதல் தடவை அதைத் தட்டுவது எம்டி பின்னால் நின்று மூச்சு விடும் ராத்திரியாக இருந்தால் மட்டும்தான் கஷ்டம்.

அந்த எம்டி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்ளோ நேரம் ஆகும்?" எல்டிஓ-9 டேப்பில் அமுக்காமல் 18 டிபி பிடிக்கும், டிரைவ் வினாடிக்கு 400 எம்பி படிக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு முழு டேப்புக்குப் பன்னிரண்டரை மணி நேரம், அதுவும் எல்லாம் ஒழுங்காக ஓடினால். இந்தக் கணக்கை முன்பே யாரும் போடாததால், "ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்று யாரோ கஸ்டமருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அதோடு பழைய டேப், புது டிரைவ் பிரச்சினை வேறு. எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், எல்டிஓ-6-ஐத் தொடாது. ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று பத்திரமாக அடுக்கிய டேப்புகளைப் படிக்கும் டிரைவை, இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்ட புண்ணியவான்கள் உண்டு.

இவ்வளவுக்கும் பலி யார்? டெஸ்ட் ரீஸ்டோருக்கு நேரம் ஒதுக்காத மேனேஜர் இல்லை, சோதனைக்கு ஒரு தனி மெஷின் கேட்டபோது பட்ஜெட் இல்லை என்ற அக்கவுண்ட்ஸும் இல்லை. அன்றைக்கு நைட் ஷிஃப்டில் மாட்டிய, சேர்ந்து ஆறு மாதம் ஆன பையனோ பெண்ணோதான். "பேக்கப் எடுக்கத் தெரியுமா?" என்று இன்டர்வியூவில் கேட்டு எடுத்தவர்கள், ரீஸ்டோர் தெரியவில்லை என்று மெமோ கொடுப்பார்கள். பாடப் புத்தகங்களும் பெரும்பாலும் இதற்கு உடந்தை. பேக்கப் வகைகளுக்குப் படம் போட்டு நாலு பக்கம், ரீஸ்டோருக்குக் கடைசியில் நாலு வரி. பிராக்டிகலில் ஒரு டைரக்டரியை டார் செய்து காட்டினால் முழு மார்க். அந்த டைரக்டரியை எக்ஸாமினர் அழித்துவிட்டு "இப்போ கொண்டு வா" என்று சொல்லட்டுமே! டேப் டிரைவ்கூட வேண்டாம், ஃபைலாகவே போதும்.

ஆபீஸிலும் இதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. மாதம் ஒருநாள், ஐடி ஆள் அல்லாத ஒருவர், அக்கவுண்ட்ஸ் அக்காவோ ஸ்டோர் கீப்பரோ, மூன்று மாதம் முந்தைய ஏதாவது ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லட்டும். இருப்பதிலேயே ஜூனியர், வேறொரு மெஷினில், காலி டைரக்டரியில் அதைக் கொண்டு வரட்டும். கேட்டவரே திறந்து பார்த்து, ஆமாம் இதுதான் என்று சொல்லட்டும். ஆம்ரெகவர் கேட்கும் டேப்பின் பெயரும் பீரோவில் இருக்கும் டேப்பின் மேல் ஒட்டிய பெயரும் ஒன்றுதானா என்பது அன்றைக்கே தெரியும். அந்த பீரோவின் சாவி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரிடம் இருக்கும் என்பதும்.