கம்யூனிகேஷன் கேப்

எங்க ஆபீஸ்ல அப்ரைசல் முடிஞ்சதும் ஒரு மீட்டிங் நடக்கும். இன்க்ரிமெண்ட் ஏன் இவ்வளவு கம்மின்னு யார் கேட்டாலும் மேனேஜர்கிட்ட ஒரே பதில்தான்: "கம்யூனிகேஷன் கேப்." சம்பளத்துலதான் கேப்புங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டார்.

2021 நவம்பர் 19, குருநானக் ஜெயந்தி. டெல்லியில காலையில டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தப்ப எனக்கு அந்த மனுஷர் ஞாபகம்தான் வந்தது. மூணு வேளாண் சட்டத்தையும் வாபஸ் வாங்கறதா பிரதமர் மோடி அறிவிச்சார். மன்னிப்பும் கேட்டார். சட்டத்துக்காக இல்லீங்க. தங்களோட தவத்துல ஏதோ குறை, விளக்கு வெளிச்சம் மாதிரியான உண்மையைச் சில விவசாயிகளுக்குப் புரியவைக்க முடியலை, அதுக்காக.

யாருக்குப் புரியலை? சிங்கு, டிக்ரி, காஸிப்பூர் எல்லையில ட்ராக்டர் ட்ராலிக்குள்ள கிட்டத்தட்ட ஒரு வருஷம் கிடந்தவங்களுக்கா? (டிசம்பர்ல ரஜாய்க்குள்ளேருந்து கையை நீட்டி அலாரத்தை அணைக்கவே நமக்கு நடுங்குது.) வியாபாரி பணம் தராம இழுத்தடிச்சா சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்கிட்டதான் போகணும்னு சட்டத்துல இருந்தது. நம்மூர் கோட்டாட்சியர்னு வச்சுக்குங்க. பட்டா தகராறுக்காக அந்த ஆபீஸ் வராந்தாவுல காத்துக் கிடந்த எந்த விவசாயிக்கும் இதுக்கு என்ன அர்த்தம்னு விளக்கத் தேவையில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு உத்தரவாதமா ஒரு வரி கிடையாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டுதான் வந்திருந்தாங்க.

வேடிக்கை என்னன்னா, 2020 டிசம்பர்ல அரசே எழுதிக் கொடுத்த யோசனையில, சரி, சிவில் கோர்ட்டுக்கும் போகலாம்னு திருத்தறோம்னு இருந்தது. புரியாதவங்க கேட்ட கேள்விக்கு எதுக்குங்க திருத்தம்?

சட்டத்துல நல்லதே இல்லைன்னு சொல்ல வரலை. பஞ்சாப்ல நெல்லுக்காக நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போறது நிஜம். கொள்முதல்ல மாத்த வேண்டியது நிறைய இருக்கு. முதல்லயே கூப்பிட்டுப் பேசியிருந்தா நானே ஆதரவா நாலு வார்த்தை எழுதியிருப்பேன். ஆனா நடந்தது என்ன? ஜூன் 2020ல அவசரச் சட்டம். செப்டம்பர்ல கமிட்டிக்கு அனுப்புங்கன்னாங்க, அனுப்பலை. ராஜ்யசபாவுல ஓட்டெடுப்பு கேட்டாங்க, குரல் வாக்கெடுப்புலயே முடிச்சாங்க. கூட்டணி அமைச்சர் ஹர்சிம்ரத் கௌர் பாதலே ராஜினாமா செஞ்சுட்டுப் போனார். பேச்சுவார்த்தை 11 சுற்று நடந்ததெல்லாம் சட்டம் வந்த பிறகு.

எந்தக் கட்சி தோத்தாலும் 'சாதனைகளை மக்கள்கிட்ட சரியா கொண்டு சேர்க்கலை'ன்னுதான் அறிக்கை விடறாங்க, இவங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. இருந்தாலும் 2021 நவம்பர் 29ஐ மறக்க முடியலை. வாபஸ் மசோதா அன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு சபையிலயும் நிறைவேறுச்சு, விவாதமே இல்லாம. அப்பவாவது புரியவைக்க ஆரம்பிச்சிருக்கலாம்.