சந்தேகத்துக்கும் ஒரு நெறி உண்டு

பிப்ரவரி 27 எழுத்தாளர் சுஜாதாவின் நினைவு நாள். அதையொட்டி இந்த இதழில் துப்பறியும் கதைகள் பற்றி மூன்று கட்டுரைகள் வருகின்றன என்றதும் நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். பாக்கெட் நாவலுக்கெல்லாம் சிற்றிதழில் இடமா என்று கேட்டார்கள்.

கணையாழி என்ற சிற்றிதழ் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடர்கதை எழுதி, துப்பறியும் வக்கீல் கணேஷைத் தமிழுக்குத் தந்த சுஜாதாதான், கணையாழியின் கடைசிப் பக்கத்தில் படித்த புத்தகம், பார்த்த சினிமா, வசித்த நகரம், அன்றைய செய்தி என்று பல ஆண்டுகள் எழுதினார். இந்த இரண்டையும் இரண்டு ஆட்கள் எழுதியதுபோலவே நாம் வாசித்து வருகிறோம். ஆனால் சாட்சி சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் சரிபார்ப்பது கணேஷின் தொழில். கடைசிப் பக்கமும் கவிதையை, அரசியலை அந்தக் கண்ணோடுதான் பார்த்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவர் பொறியாளராக இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. கதையில் எல்லோரையும் சந்தேகிக்கச் சொன்னவர், கோடிக்கணக்கானோர் நம்பியாக வேண்டிய ஒரு கருவிக்காக உழைத்தார். கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பிறகு மிஞ்சுவதுதான் நம்பிக்கை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை கள்ளிக்குப்பத்தில் உட்கார்ந்து எழுதும் எங்களுக்கு இது இலக்கிய விவகாரம் மட்டுமல்ல. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிப்டு முடிந்து வருகிறவர்களில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் நிறைய. வாடகை வீட்டில் யார் வந்தார், யார் போனார் என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் வதந்திக்குக் கால் முளைக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று, போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதற்காக அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டியை ஊர் அடித்துக் கொன்றது. அதே நாட்களில், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவிலும் போர்வை விற்க வந்த பையனைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். மளிகைக்கடை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் பையிலிருந்த கடன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். “மூணு வருஷமா வர்றான்பா. இதோ பாரு, என் பேரு. இன்னும் இருநூறு ரூபா நான்தான் தரணும்.” கூட்டம் கலைந்தது. கணேஷ் செய்திருக்கக்கூடிய வேலையை அன்று அந்த அக்கா செய்தார்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. இந்த முறை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் நாம். செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

வதந்தி முதல் வரியிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடும். நல்ல துப்பறியும் கதை கடைசி அத்தியாயம் வரை சொல்லாது. அதுவரை வாசகர் ஒவ்வொருவராகச் சந்தேகித்து, ஒவ்வொரு முறையும் தன் முடிவைத் திருத்திக்கொள்கிறார். இந்த நிதானத்தைப் பழக்கித் தரும் எழுத்தை மட்டம் என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. எல்லாத் துப்பறியும் கதைகளும் இதைச் செய்வதில்லை என்பதும் உண்மை. குப்பத்து ஆள் என்றாலே கத்தியோடு வருவான் என்று எழுதிய நாவல்கள் ஏராளம். ஊர்ப் பெயரிலேயே குப்பத்தை வைத்திருக்கும் எங்களுக்கு அது வலிக்கிறது. அவை அச்சில் வந்த வதந்திகள். கட்டுரைகள் அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தெருக்களிலிருந்து துப்பறியும் கதைகளை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை: சந்தேகிக்கப்படுகிறவர் தன் பக்கத்தைச் சொல்ல, கதையில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

– ஆசிரியர், கள்ளிக்குப்பம்