பெயரைப் பார்த்து பாஞ்சோ வாங்காதீர்கள்!

பாஞ்சோ என்றதும், டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாராதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது அதுவல்ல. கஞ்சிராவைப் போல் தோல் போர்த்திய வட்டமும், மெட்டு வைத்த நீண்ட தண்டியும் கொண்ட வாத்தியம். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடம் பிறந்தது. 1840-களில் இங்கிலாந்துக்கு வந்து, பின்னால் பிரபுக்கள் வீட்டுப் பெண்மணிகளையும் பைத்தியமாக அடித்தது!

லண்டனில் இருக்கும் பெண்ணையோ பிள்ளையையோ பார்க்கப் போகிறீர்களா? பழஞ்சாமான் கடையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், தலையில் உள்ள பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எவர்சில்வர் குடத்தில் வெட்டிய பெயர் குடம் செய்தவருடையதா, என்ன? பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்ததை வாங்கி, கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றது சர்வ சாதாரணம். விண்ட்ஸர் கம்பெனி அப்படிப் பலருக்குச் செய்து கொடுத்தது. கிளிஃபர்ட் எஸ்ஸெக்ஸ் என்றால் மதிப்புத்தான். ஆனால் அங்கும் உயர்ந்த ரகமும் உண்டு, மலிவு ரகமும் உண்டு.

ஐந்து தந்திக்கு ஆறு முறுக்காணி இருந்தால், "ஒரு தந்தி போய்விட்டது" என்று கடைக்காரரே சொல்லக்கூடும். நம்பாதீர்கள். அது ஸிதர்-பாஞ்சோ, அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த கேமயர் என்பவர் பிரபலப்படுத்திய ஜாதி. கிதாருக்கென்று பக்கத்துக்கு மூன்றாக வந்த ஆணிகளை அப்படியே பொருத்தினார்கள். ஆறாவது சும்மா! ஐந்தாவது தந்தி தண்டிக்குள் குழாய் வழியே தலைக்கு ஏறும்.

தோல் கிழிந்திருந்தால் கவலையே வேண்டாம். மிருதங்கத்துக்குப் போலப் புதிது போடலாம். கொக்கி ஒன்றிரண்டு குறைந்தாலும் பாதகமில்லை. தண்டி வளைந்திருந்தால்தான் ஆபத்து. சிப்பிப் பூவேலை எத்தனை அழகாயிருந்தாலும் சரி, தலைப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, ஒற்றைக் கண்ணால் நீளப் பாருங்கள். நடுவே குழி விழுந்து, தந்தி மெட்டைவிட்டு எட்டி நின்றால் விரலும் நோகும், சுருதியும் சேராது. கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. கையில் நூல் இருந்தால் போதும். தந்தி தொடங்கும் மேல் கட்டையிலிருந்து 12-வது மெட்டு வரை எத்தனை தூரமோ, அங்கிருந்து குதிரை வரை ஏறக்குறைய அத்தனை தூரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குதிரை இடம் மாறியிருக்கலாம். அது ஒட்டியதல்ல; நகர்த்திப் பாருங்கள்.

வாங்கி வந்தபின் செய்யக்கூடாதது ஒன்று: கனத்த எஃகுத் தந்தி பூட்டுவது. பின்பக்கம் திறந்த பழைய பாஞ்சோ குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டது. எஃகின் இழுப்புத் தாங்காமல் வளைந்த தண்டிகள் எத்தனையோ! அதற்கு நைலான் போதும்.