கூட்டிப் பெருக்க மட்டுமோ குடிமக்கள்?

தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் ஒருமுறையேனும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை ஒன்று உண்டு. அது துப்புரவுப் பணியைப் பற்றிய கட்டுரை. ஞாயிறு காலையில் குடியிருப்பு மக்கள் ஒன்று திரளுவர். ஆடவர் கால்வாயைத் தூர் வாருவர். இளைஞர் புல் வெட்டுவர். பெண்டிர் பலகாரமும் தேநீரும் ஆயத்தம் செய்வர். சட்டமன்ற உறுப்பினர் வந்து பாராட்டிச் செல்வார். இறுதியில் அனைவரும் களைத்தும் களித்தும் இல்லம் திரும்புவர். பிழையின்றி எழுதினால் நல்ல புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அந்தக் கால்வாய் ஏன் அடைத்துக்கொண்டது, மேட்டிலே எழும்பிய புதிய கட்டடத்திற்கு அனுமதி அளித்தவர் யார், அளிக்குமுன் அங்கே வாழ்வோரை ஒரு சொல் கேட்டனரா என்னும் வினாக்கள் அக்கட்டுரையில் எழுவதில்லை. எழுப்புமாறு மாணவனுக்கு எவரும் கற்பிப்பதுமில்லை.

கோத்தோங் ரோயோங் இழிவான செயலன்று. பல இனத்தார் ஒரே கால்வாயில் இறங்கி நின்று சேறு அள்ளுவதைக் காட்டிலும் சிறந்த ஒருமைப்பாட்டுப் பாடம் வேறில்லை. குறை அதிலில்லை. மக்களின் கடமை மண்வெட்டியோடு முடிகிறது, திட்டமிடுவது அதிகாரிகளின் வேலை என்று வரம்பு கட்டுகிறார்களே, அதில்தான் குறை இருக்கிறது. குப்பையைப் பொறுக்கினால் நற்குடிமகன், பூங்கா எங்கே போகிறது என்று கேட்டால் கலகக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

இவ்வரம்பு இந்நாட்டில் இயற்கையாக முளைத்ததன்று. ஜார்ஜ்டவுன் 1951ஆம் ஆண்டிலும் கோலாலம்பூர் 1952ஆம் ஆண்டிலும் நகராட்சித் தேர்தலைக் கண்ட ஊர்கள். தலைநகரில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அவ்வுரிமை பறிபோயிற்று. 1965 மார்ச்சில் இந்தோனேசியாவின் எதிர்ப்பைக் காரணம் காட்டி ஏனைய ஊர்களிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. உள்ளாட்சியை ஆராய அமைக்கப்பெற்ற அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வேண்டும் என்று அவ்வாணையம் 1968ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை முற்றாக அடைத்தது. தமிழர் ஒருவர் தலைமையில் உருவான அவ்வறிக்கையைத் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

வாக்கு இல்லாத இடத்தில் குடியிருப்பாளருக்கு எஞ்சியவை மனுவும் வழக்குமே. கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் அவ்வழியில் சென்றனர். அதனை அடுத்துள்ள புக்கிட் கியாராவில் தன்னார்வலர் பல்லாண்டுகள் மரம் நட்டும் நடைபாதை செப்பனிட்டும் வந்துள்ளனர். அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா என்னும் ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவில் பாதியளவு நிலத்தில் வானளாவிய அடுக்ககங்கள் எழுப்ப 2017ஆம் ஆண்டு அனுமதி அளிக்கப்பட்டது. நகரின் கட்டமைப்புத் திட்டமோ அதனைப் பசுமை நிலமாகக் குறித்திருந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவ்வெற்றியை உறுதி செய்தது. கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டி அன்று, அதிலிருந்து விலகும் மேயர் காரணம் கூறியாக வேண்டும், அண்டையில் வாழ்வோருக்குக் கேட்கப்படும் உரிமை உண்டு என்பன தீர்ப்பின் சாரம். அனுமதி அளித்த மேயரே நில உரிமை பெற்ற அறவாரியத்தின் அறங்காவலருள் ஒருவராகவும் இருந்தார் என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. மண்வெட்டி பிடித்த கைகள் மனுவும் எழுதியதால் அந்தப் பூங்கா தப்பியது.

‘அது வசதி படைத்தோர் வழக்கு, நமக்கென்ன?’ என்று கேட்கும் தமிழர் உளர். தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப்பந்தல் அமைக்க ஓரிரவில் நூறு பேரைத் திரட்டும் சமுதாயம் இது. ஆயினும் ஒரு வரைவுத் திட்டத்திற்கு ஆட்சேபம் எழுதும் இறுதி நாள் எதுவென்று கேட்டால் விழிக்கிறது! கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்ட வரைவு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மேல்நிலை வகுப்புகளில் அலுவல் கடிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அதைவிட உயிருள்ள பயிற்சி எங்கே கிடைக்கும்? கற்பனையான தலைவருக்குக் கற்பனையான குப்பைத் தொட்டியைப் பற்றி எழுதுவித்தே காலம் கழிகிறது.

நமக்கென்ன என்போர் அப்பூங்காவின் ஓரத்தைப் பார்த்ததில்லை போலும். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில், பால்மரம் வெட்டிய குடும்பங்கள் அவ்விடத்து நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். நிலையான வீடு தருவதாக வாக்களித்தவர்கள் மாறினர். வாக்குறுதி மட்டும் மாறாமல் நின்றது. அடுக்ககத் திட்டம் வந்தபோது இக்குடும்பங்களையே கேடயமாக்கினர்: பூங்காவைக் காப்போர் ஏழைகளின் வீட்டைக் கெடுக்கின்றனர் என்றனர். சுமார் நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட, விலையுயர்ந்த அடுக்ககங்கள் எதற்கு? நீண்ட வீடுகள் நிற்கும் நிலத்திலேயே அவர்களுக்குக் கட்டித் தரலாம் என்றுதான் தாமான் மக்கள் வாதிட்டனர். இரு அண்டை வீட்டாரைப் பகைவராக்கியது மரமுமன்று, வீடுமன்று. இருவரையும் ஒருசேர அமர்த்திக் கேளாத ஆட்சிமுறை.

தாமான் மக்களுக்கு வழக்கறிஞர் இருந்தனர், நிதி திரட்டும் வலிமை இருந்தது, ஆறாண்டு காத்திருக்கும் ஆற்றலும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளோ அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டனர். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றும் அவர்கள் அதே நீண்ட வீடுகளில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட அதே ‘தற்காலிக’க் கூரைகளின் கீழ் இருந்தனர்.